ஊசிக்குருவிக்கு இரண்டு கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூங்காவின் தெற்கு வாசலில் கூடுகிறவர்களைப் பார்த்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேட வந்தவர்கள் என்றுதான் தோன்றும். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி, பூட்ஸில் போன வாரத்துச் சேறு. எட்டுப் பேர் வருவார்கள். வானம் தெளிவாக இருந்தால் பத்துப் பேர். எல்லாரும் ஒரு பக்கமாக நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் வாசலுக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குமாக நடையாய் நடந்துகொண்டிருப்பாள். அவள்தான் ரேடார்.

அது கூட்டம் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஆபீஸ் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அட்டையைக் கேட்கிறவர்களிடம் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இல்லை. ஐம்பத்துநாலு வயது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய கணவர் சொல்வார். சோபாவுக்கு உறை தைப்பது அவர் தொழில். ஊரில் எத்தனையோ பேர் சாய்ந்து உட்கார வழி பண்ணியவருக்குத் தன் வீட்டுச் சோபாவில் பெண்டாட்டியைப் பத்து நிமிஷம் உட்காரவைக்க முடிந்ததில்லை. பூங்கா நடையிலும் அப்படித்தான். கூட்டம் ஒரு மைல் நடந்தால் அவள் இரண்டு மைல் நடப்பாள். முன்னால் போய் எட்டிப் பார்ப்பாள், திரும்பி வந்து என்ன இருக்கிறது என்று சொல்வாள், மறுபடி போவாள்.

பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பொறுமை முக்கியம் என்பார்கள். இவளுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் காது இருந்தது. புதருக்குள் ஒரு 'டிக்' சத்தம் வந்தால் மற்றவர்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் இவள் பேரைச் சொல்லிவிடுவாள். பெரிய குளத்தில் முக்குளிப்பான் எந்தக் கரையோரம் குரல் கொடுக்கிறது, காட்டுக்குள் மரங்கொத்தி எத்தனாவது மரத்தைத் தட்டுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். பாம்புச் செவி என்று முதல் வாரமே வியந்தவர் பல் டாக்டர். நடைக்குத் தலைவர் அவர். ரேடார் என்று பேர் வைத்ததும் அவர்தான்.

அந்தக் காது தொழிலில் தீட்டிய காது. அவசர அழைப்பு மையத்தில் இருபத்தேழு வருஷம் தலையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள். உட்கார்ந்தவள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அவள் நாற்காலியின் சக்கரம் மட்டும் வருஷம் ஒருமுறை தேய்ந்து கழன்றுவிடும். மணி அடிக்கும். எதிர்முனையில் யாரோ அழுவார்கள், கத்துவார்கள், சில சமயம் பேசவே மாட்டார்கள். பேசாதவர்கள் விஷயத்தில்தான் ரேடார் கெட்டிக்காரி. மூச்சு வாங்குவதை வைத்தே ஆஸ்துமாவா பயமா என்று பிரித்துவிடுவாள். பின்னால் தண்ணீர் ஓடுகிறதா, கதவு இடிபடுகிறதா, குழந்தை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளுடைய பழைய அழைப்புகளைப் போட்டுக் காட்டுவது அந்த மையத்தின் வழக்கம்.

இப்போது ஊசிக்குருவிக்கு வருவோம். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பேர் இருக்கிறது. யாருக்கும் வாயில் நுழையாது. கட்டைவிரல் அளவு பறவை. பூங்காவின் வடமூலையில் பைன் மரங்கள் அடர்ந்த இடத்தில், உச்சிக் கிளையில், யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும். கூப்பிடும் குரல் அத்தனை மெல்லியது, அத்தனை உச்சம். கண்ணால் பார்த்தவர்கள் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. காதால் கேட்டுத்தான் பட்டியலில் எழுதவேண்டும்.

பட்டியல் சர்வேயர் கையில் இருந்தது. நிலம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றும் அளக்கும் புத்தி போகாத மனிதர். முன்னொரு காலத்தில், மரத்தில் கழுகு உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்ல, அதைப் பட்டியலிலும் ஏற்ற, மறுவாரம் பார்த்தால் கிளையில் மாட்டிக்கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் பை. பூங்கா அலுவலகத்தில் கூட்டத்தின் மானம் போயிற்று. அன்றிலிருந்து சர்வேயர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். கேட்டதாக எழுதவேண்டுமானால் இரண்டு கை உயரவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, பறவை பறந்துவிடும். கேட்டவர் சத்தமில்லாமல் கை தூக்கவேண்டும். இரண்டு கை உயர்ந்தால் சர்வேயரின் பேனா அசையும். ஒரு கை என்றால் அசையாது.

ஊசிக்குருவிக்கு வாராவாரம் இரண்டு கை உயர்ந்தது. ஒன்று பல் டாக்டருடையது, மற்றொன்று ரேடாருடையது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரேடாருக்கு ஊசிக்குருவி கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரே நாளில் நின்றுபோகவில்லை. முதலில் தூரத்துக் குரல் போயிற்று. பிறகு காற்றடிக்கும் நாட்களில் போயிற்று. ஒரு நாள் பைன் மரத்தடியில் நின்றுகொண்டு, இந்த வாரம் பறவை இல்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தபோது டாக்டரின் கை காதருகே உயர்ந்தது. யோசிக்கவில்லை, தானும் கையைத் தூக்கிவிட்டாள். சர்வேயர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் டாக்டரைப் பார்த்தாள், தூக்கினாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. பைன் மரத்தடி வந்ததும் அவள் காதை விட்டுவிட்டுக் கண்ணை வைத்துக்கொள்வாள். இதைப் பொய் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். பறவை இருக்கிறதல்லவா, டாக்டருக்குக் கேட்கிறதல்லவா, தன் கை அதற்கு ஒரு சாட்சிதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதே வித்தையை வேறோர் இடத்திலும் செய்திருந்தாள். அதுதான் சங்கதி.

மையத்தில் வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை உண்டு. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் பெட்டியில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவாள். கேட்டால் கை தூக்கவேண்டும். பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாது, மறைத்திருப்பார்கள். ஆனால் அழுத்தும்போது அந்தப் பெண்ணின் முழங்கை கொஞ்சம் அசையும். ரேடார் இரண்டு வருஷம் அந்த முழங்கையைப் பார்த்துப் பாஸ் செய்தாள். 'மிக நன்று' என்று தாளில் எழுதி வேறு கொடுத்தார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. வேலையை விட்டால் தான் என்ன ஆவோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காது தேறாதவர்களை மையத்தில் அடித்தளத்து ஆவண அறைக்கு அனுப்புவார்கள். ஜன்னல் இல்லாத அறை. அங்கே ஒரு நாள் முழுவதும் மணி அடிக்காது. அவளுக்கு அதை நினைத்தாலே கால் தரையில் நிற்காது.

போன மாதம்வரைக்கும் இப்படியே ஓட்டியிருப்பாள். போன மாதம் ஒரு கிழவர் போன் செய்தார்.

தனியாக இருக்கிறேன், தலை சுற்றுகிறது, தலை வலிக்கிறது என்றார். ரேடார் விலாசம் கேட்டாள், மூச்சைக் கவனித்தாள், ஆம்புலன்ஸ் அனுப்பினாள். எல்லாம் முறைப்படி. ஆம்புலன்ஸ்காரர்கள் கதவருகே போனதும் புகை நாற்றம் அடித்தது. பின்கட்டில் எதுவோ கனன்றுகொண்டிருந்திருக்கிறது. தீயணைப்பு வண்டியை அவர்களே கூப்பிட்டுக் கிழவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிழைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட அழைப்புகளை மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து போட்டுக் கேட்பார்கள். மேற்பார்வையாளர் பொத்தானைத் தட்டினார். கிழவரின் குரல் வந்தது. பத்து விநாடி போகவில்லை, பக்கத்து மேஜைக்காரி முகம் சுளித்தாள்.

"பின்னாடி புகை அலாரம் அடிக்குதே," என்றாள்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ரேடார் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவரின் மூச்சு கேட்டது, நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது, தன் குரல் கேட்டது. ஊசிக்குருவி மாதிரி உச்சத்தில் கீச்சிடும் அலாரம் மட்டும் கேட்கவில்லை. அடிக்கிறது என்று தெரிந்த பிறகும் கேட்கவில்லை.

"ஹெட்செட் பழசாயிடுச்சு," என்றார் மேற்பார்வையாளர். வயதில் அவளைவிடப் பதினைந்து வருஷம் சின்னவர், அவளிடம் தொழில் கற்றவர். "அக்காவுக்கே கேக்கலன்னா யாருக்குக் கேக்கும்? எல்லாருக்கும் புதுசு வாங்கிடலாம்."

புது ஹெட்செட் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் போன் செய்தாலும் கடைசியில், "பின்னாடி ஏதாவது சத்தம் கேக்குதாங்க? அலாரம் மாதிரி?" என்று கேட்க ஆரம்பித்தாள். கால் உடைந்தவரிடமும் கேட்டாள், பிரசவ வலி எடுத்தவளிடமும் கேட்டாள். "அதெல்லாம் இல்லைங்க, சீக்கிரம் வண்டி அனுப்புங்க" என்று அவர்கள் எரிந்து விழுந்தார்கள். ஓய்வு நேரத்தில் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். வீட்டில் ஒரு பாத்திரத்தையே மூன்று தடவை கழுவினாள். பரிசோதனைக்கு நாள் குறித்துத் தாள் வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிறு வழக்கம்போல வாசலில் கூடினார்கள். மூடுபனி. பெரிய குளத்தில் நாமக்கோழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. கூட்டத்துக்கு எட்டு மாதமாக வந்துகொண்டிருக்கும் பேக்கரிக்காரர் இவளோடு சேர்ந்து நடந்தார். விடியற்காலை வேலை முடித்துவிட்டு மாவு ஒட்டிய கையோடு வருகிற மனிதர், வெகுளி.

"அக்கா, ஒரு நல்ல சேதி," என்றார். "காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்."

ரேடாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு?"

"எட்டு மாசமா வர்றேன், அந்த ஊசிக்குருவி ஒரு தடவைகூட எனக்குக் கேக்கலியே. நீங்களும் டாக்டரும் டக்குடக்குன்னு கை தூக்குறீங்க. எனக்குத்தான் என்னமோ கோளாறுன்னு பயந்துட்டேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. காது குழந்தைக் காது மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. இனிமே பழக்கம்தான் வேணும், இல்லையா?"

"ஆமா, பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக முன்னால் போய்விட்டாள். குழந்தைக் காதுக்குக் கேட்காதது டாக்டருக்கு எப்படிக் கேட்கிறது? அவருக்குப் பழக்கம் ஜாஸ்தி என்று எண்ணிக்கொண்டாள். எண்ணினாளே தவிர மனம் ஒப்பவில்லை.

பைன் மரத்தடி வந்தது. எல்லாரும் நின்றார்கள். சர்வேயர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். பனி சொட்டுகிற சத்தம் மட்டும். ரேடார் ஒரு கிளைக்கு அடியில் நகர்ந்து நின்றாள். டாக்டரைச் சரியாகப் பார்க்கக்கூடிய இடம் அது. நகர்ந்தபோது மூஞ்சியில் ஈரமாக ஒரு சிலந்தி வலை ஒட்டிக்கொண்டது. தொப்பி, புருவம் எல்லாம் பிசுபிசுவென்றது. அதை வழித்து எடுக்கக் கையைத் தூக்கினாள்.

உடனே டாக்டரின் கை உயர்ந்தது.

கண்களைப் பாதி மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ரசித்துக் கேட்கிற பாவனையில் நின்றார். சர்வேயரின் பேனா அசைந்தது. பேக்கரிக்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு பாவமாக உச்சிக் கிளையைப் பார்த்தார்.

ரேடார் விரல்களில் சிலந்தி வலையோடு அப்படியே நின்றாள்.

நடையின் பாதியில் சின்னக் குளத்தருகே கால் மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் பிளாஸ்கைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். டாக்டர் தனியாக ஒரு பெஞ்சில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடார் பெஞ்சைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"என்னம்மா, பல்லு வலியா?"

"இப்ப பைன் மரத்துகிட்ட கை தூக்கினீங்களே. என்ன கேட்டுச்சு?"

"ஊசிக்குருவிதான். நீதானே முதல்ல தூக்கின?"

"நான் தூக்கல. மூஞ்சில சிலந்தி வலை ஒட்டிச்சு, எடுத்தேன்."

டாக்டர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். "சிலந்தி வலையா?"

"ஆமா."

"சரி, இன்னிக்கு விடு. போன வாரம்?"

"போன வாரம் நீங்க தூக்கினீங்க. அதைப் பாத்துதான் நான் தூக்கினேன்."

"போன வாரம் எனக்குக் கண்ணாடி நழுவிச்சும்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "அடிக்கடி நழுவும். காதுகிட்ட புடிச்சுச் சரி பண்ணுவேன். நிமிந்து பாத்தா நீ கையைத் தூக்கிக்கிட்டு நிப்பே. ரேடாருக்கே கேட்டுடுச்சுன்னு நானும் இறக்காம விட்டுடுவேன்."

இருவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்கா அலுவலக வாசலில் கண்ணாடிப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஊசிக்குருவியின் பெரிய வண்ணப்படம் போட்டு, 'இவ்வனத்தில் தவறாமல் கேட்கப்படும் அரிய பறவை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும். முதலில் டாக்டருக்குத்தான் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. அப்புறம் அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, 'உஷ்' என்றார்கள். பக்கத்து நாணலில் இருந்த கொக்கு எழுந்து பறந்துவிட்டது.

"முப்பத்தஞ்சு வருஷமா காதுகிட்ட டிரில் சுத்துது," என்றார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு வருஷமா எனக்குப் பாதிப் பறவை கேக்குறதில்ல. நடத்துறவனே கேக்கலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஆனா எனக்குக் கவலையே இல்ல, தெரியுமா. நீ இருக்கேல்ல. உன் காதை நம்பித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அந்தக் கடைசிப் பேச்சில் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, ஏன் இப்படி வேர்க்குது? ஒரு குருவிதானே. சர்வேயர் நாலு நாள் பேசமாட்டாரு, அப்புறம் சரியாயிடுவாரு."

"குருவி இல்ல டாக்டர்," என்று ஆரம்பித்து, கிழவரைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது தனக்குக் கேட்காததைச் சொன்னாள். புது ஹெட்செட் வந்ததைச் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உங்க ஆபீஸ்ல டெஸ்ட் கிடையாதா?"

"வியாழக்கிழமை."

"அதுல தெரிஞ்சிடுமே."

"தெரியாது. ரெண்டு வருஷமா தெரியல." முழங்கையைப் பற்றியும் சொல்லிவிட்டாள். "இங்க உங்களைப் பாக்குற மாதிரி, அங்க அந்தப் பொண்ணைப் பாப்பேன்."

அவர் புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். சொன்னால் சண்டை போடலாம் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நான் உனக்கு என்ன சொல்றது?" என்றார். "நானே உன்னைப் பாத்துக் கை தூக்குறவன்."

எழுந்து நேராகச் சர்வேயரிடம் போனார். அவர் நோட்டைக் காட்டி என்னவோ சொல்வதும், சர்வேயர் பிளாஸ்க் மூடியைக் கீழே போடுவதும் தூரத்திலிருந்து தெரிந்தது. பேக்கரிக்காரர் மட்டும் எழுந்து நின்று, "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டது இந்தப் பக்கம்வரை கேட்டது. சர்வேயர் அன்று யாரோடும் பேசவில்லை. இரண்டு வருஷத்துப் பட்டியலை வீட்டுக்கு எடுத்துப்போய் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு ஊசிக்குருவியாக அடித்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

திங்கள் ஓடிற்று. செவ்வாயும் ஓடிற்று. ரேடாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கணவர் கடையிலிருந்து வந்தபோது அவள் அடுப்படியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கூரையில் இருந்த புகை அலாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பேட்டரி போயிடுச்சா?"

"ஏங்க, நீங்க ஏறி இந்தப் பொத்தானை அமுக்குங்க. நான் அந்த ரூம்ல போய் நிக்கிறேன். அமுக்கிட்டு விடாம புடிச்சுக்குங்க."

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஏறினார். அவள் படுக்கையறைக்குப் போய், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். கடிகாரம் கேட்டது. தெருவில் பஸ் பிரேக் போட்டது கேட்டது. மாடிவீட்டில் நாற்காலி இழுபட்டது. அவள் நின்றாள்.

"அமுக்கிட்டீங்களா?" என்று கத்தினாள்.

பதில் இல்லை. அடுப்படிக்கு வந்து பார்த்தாள். அவர் ஸ்டூல் மேல் நின்று ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஒரு காதை இறுகப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதைத் தோளில் புதைத்துக்கொண்டு, வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அலாரத்துக்கு நேர் கீழே வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு எங்கோ தூரத்தில் கம்பி உரசுவதுபோல ஒன்று கேட்டது.

"நிறுத்தட்டுமா?" என்று அவர் உதடு அசைந்தது.

அவர் இறங்கியதும் இருவரும் அடுப்படி மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எனக்கு ரொம்ப நாளா தெரியும்மா," என்றார் அவர். "வாஷிங் மெஷின் முடிஞ்சு கத்திக்கிட்டே இருக்கும். நீ அதைத் தாண்டிப் போவே, வருவே. நான்தானே எழுந்து போய் அணைக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அந்த ஹெட்செட்டைக் கழட்டணுமே. கழட்டிட்டு என்ன பண்ணுவே? சும்மா உக்காந்தா உனக்குப் பைத்தியம் புடிக்கும். அப்புறம் எனக்கும் புடிக்க வைப்பே." சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. "பயந்துட்டேன், அதான். அப்ப அந்தப் பெரியவர் விஷயம் எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"அவர் விஷயம் இப்ப மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நாலஞ்சு நாளா தூக்கத்துல அவர்கிட்டதான் பேசுற. பின்னாடி என்ன சத்தம், பின்னாடி என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே இருக்க."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். லிஃப்ட் இருக்கிறது, அவள் படியில்தான் ஏறுவாள். பரிசோதனை செய்யும் பெண் போன வருஷம் வந்த அதே பெண். நல்ல பெண், சிரித்த முகம். கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டு, "வாங்கக்கா, உங்களுக்கெல்லாம் டெஸ்ட்டே தேவையில்ல, ரூல்ஸுக்காகத்தான்," என்றாள்.

ரேடார் உள்ளே போனாள். நாற்காலி கண்ணாடியைப் பார்த்துப் போட்டிருந்தது. உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் முழங்கை நேர் எதிரே இருக்கும். எல்லாம் போன வருஷம் இருந்தபடியே இருந்தது. உட்காரவேண்டியதுதான். உட்கார்ந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம். அதற்குள் என்னென்னவோ நடக்கலாம், புது மெஷின் வரலாம், எல்லா அலாரமும் இடிபோல அடிக்கும்படி யாராவது மாற்றலாம். இப்படியெல்லாம் ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. யாருக்குத்தான் தோன்றாது.

"ஏம்மா, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கலாமா?"

"திருப்பியா? ஏன்க்கா?"

"கண்ணு கூசுது."

நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை, ஆணி அடித்த துளை ஒன்றைத் தவிர. கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் சத்தம் வந்தது; கப்பல் ஊதுவதுபோலக் கனத்த சத்தம். கையைத் தூக்கினாள். இரண்டாவது வந்தது, தூக்கினாள். மூன்றாவது கொஞ்சம் மெல்லிசு. அதற்கும் தூக்கினாள். நாலாவது வருகிறதா இல்லையா என்று இருந்தது. வந்தது என்று தீர்மானமாகத் தெரிந்த பிறகுதான் தூக்கினாள்.

அப்புறம் ஐந்தாவதுக்காகக் காத்திருந்தாள். கை மடியில் இருந்தது. கிழவரை நினைத்துக்கொண்டாள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு யாரோ போன் செய்துவிட்டார்களோ, எழுந்து போய்விட்டாளோ என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. அவள் வாழ்நாளில் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். ரேடார் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அடுத்தது போடும்மா. நான் ரெடியாத்தான் இருக்கேன்."

"எல்லாம் போட்டாச்சுக்கா."

"நாலுதானே வந்துச்சு?"

"பதினொண்ணு போட்டேன்." அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் இரண்டு தாள்கள் இருந்தன, இந்த வருஷத்தது ஒன்று, போன வருஷத்தது ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "போன வருஷம் பதினொண்ணுக்கும் கை தூக்கியிருக்கீங்களேக்கா. மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். வேணும்னா இன்னொரு தடவை பாத்துடலாமா?"

வெளியே நடைபாதையில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். ரேடார் ஹெட்போனின் வயரை ஒழுங்காகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா," என்றாள். "போன வருஷமும் எனக்குக் கேக்கல. நீ அழுத்துறப்போ உன் முழங்கை ஆடுச்சு, அதைப் பாத்துத் தூக்கினேன். எழுதிக்கோ."